ஒளியில் நடப்பது என்றால் என்ன? கிறிஸ்தவ விசுவாசத்தில் ஒளியும் இருளும்: ஓர் எளிய விளக்கம்

"இருளின் வல்லமைகளைக் கட்டுகிறோம்" என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொல்கிறார். கடை நஷ்டத்தில் மூடிப்போனவர் "என் வாழ்க்கையை இருள் சூழ்ந்துவிட்டது" என்கிறார். ஆராதனையில் உள்ளம் உருகிய இளம்பெண் "இன்றைக்குத்தான் ஒளிக்குள் வந்தேன்" என்று சாட்சி சொல்கிறாள். மனச்சோர்வில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடப்பவரிடம் உறவினர் ஒருவர், "நீங்க இருள்ல இருக்கீங்க, மனந்திரும்புங்க" என்கிறார். நான்கு பேர் வாயிலும் அதே இரண்டு சொற்கள்தான். பேசுவதோ நான்கு வெவ்வேறு விஷயங்கள்.

இது பேச்சோடு போகிற குழப்பமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இதனால் நோயாளி குற்ற உணர்வைச் சுமக்கிறார். மனைவிக்குத் தெரியாமல் கடன் வாங்கி வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை கண்ணீரோடு பாடியதை வைத்துத் தான் ஒளியில் இருப்பதாக நம்பிக்கொள்கிறார். இரண்டும் வேதாகமம் சொல்வதற்கு நேர் எதிர். விசுவாசத்திற்குப் புதிதாக வந்தவர்களும், பல வருடங்களாகக் கேட்டும் பிடிபடாதவர்களும் புரிந்துகொள்ளும்படி அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## வீட்டில் கரண்ட் போனால் என்ன நடக்கிறது?

இரவு எட்டு மணிக்கு வீட்டில் கரண்ட் போகிறது. வீட்டுக்குள் புதிதாக எதுவும் வந்துவிடவில்லை, இருந்த பொருள் எதுவும் வெளியே போகவும் இல்லை. ஆனாலும் மூன்று காரியங்கள் ஒரே நொடியில் நின்றுபோகின்றன. என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. அடுப்படித் தரையில் சிந்திய எண்ணெய் அங்கேயேதான் கிடக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. எங்கே போகிறோம் என்று தெரிவதில்லை. இருபது வருடம் புழங்கிய வீட்டிலேயே கதவு நிலையில் கால் இடிக்கிறது. எதிரில் இருப்பவர் முகம் தெரிவதில்லை. குரல் கேட்கிறது, அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

கரண்ட் வந்ததும் முதலில் கண்ணில் படுவது சிந்திய எண்ணெய். அதைக் கொட்டியது விளக்கு அல்ல. ஏற்கெனவே இருந்ததைக் காட்டியது, அவ்வளவே. இருட்டை யாரும் பெருக்கி வெளியே தள்ளவும் இல்லை. வெளிச்சம் வந்தது, இருட்டு இல்லாமல் போனது.

உண்மை, வழி, உறவு. வெளிச்சத்தோடு வருவதும் அது போனால் போவதும் இந்த மூன்றுதான். யோவான் எழுதிய முதலாம் நிருபத்தை, அதாவது கடிதத்தை, திறந்தால் இதே மூன்றும் வருகின்றன. பாவமில்லை என்று சொல்கிறவனிடம் சத்தியம் இல்லை (1:8). சகோதரனைப் பகைக்கிறவன் தான் போகும் இடம் எது என்று அறியாமல் இருக்கிறான் (2:11). ஒளியில் நடந்தால் ஒருவரோடொருவர் ஐக்கியப்பட்டிருப்போம் (1:7). ஐக்கியம் என்பது ஒருவர் வாழ்வில் மற்றவர் பங்குகொள்ளும் உறவு. ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் ஐக்கியம் ஆகாது.

ஒப்புமை ஓரிடத்தில் போதாமல் போகிறது. கரண்ட் போவது நம் விருப்பத்தில் இல்லை. ஆவிக்குரிய இருளைப் பற்றி யோவான் 3:19 சொல்வதோ, மனுஷர் தங்கள் கிரியைகள் பொல்லாதவையாக இருந்தபடியால் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்று. மெயின் சுவிட்சை நாமே அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு.

சுருக்கமாக: ஒளி இருப்பதைக் காட்டுகிறது, வழியைக் காட்டுகிறது, முகத்தைக் காட்டுகிறது. இருள் இந்த மூன்றையும் மறைக்கிறது. மறைவை மனிதன் விரும்பவும் செய்கிறான்.

## இந்த ஒளி எங்கிருந்து வருகிறது?

ஆதியாகமம் முதல் அதிகாரத்தைக் கவனமாக வாசித்தால் ஒன்று தட்டுப்படும். வெளிச்சம் உண்டாவது முதல் நாளில். சூரியனும் சந்திரனும் வைக்கப்படுவது நான்காம் நாளில். சூரியனைத் தெய்வமாகக் கும்பிட்ட எகிப்தும் பாபிலோனும் இஸ்ரவேலுக்கு இரு பக்கமும் இருந்தன. ஒளியின் ஊற்று சூரியன் அல்ல, தேவனுடைய வார்த்தையே என்பது அந்த வரிசையிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களிலும் இதுவே வருகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 21-ஆம் அதிகாரத்து நகரத்திற்குச் சூரியனும் வேண்டியதில்லை, சந்திரனும் வேண்டியதில்லை. தேவ மகிமையே அதற்கு வெளிச்சம்.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான், "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்று இயேசு சொன்ன வாக்கு நிற்கிறது (யோவான் 8:12). அதை அவர் எங்கே சொன்னார் என்று தெரிந்தால் அதன் கனம் புரியும். 7-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடாரப்பண்டிகை நடக்கிறது. அந்தப் பண்டிகையின் இரவுகளில் தேவாலயத்தின் பெண்கள் முற்றத்தில் உயரமான பொன் விளக்குத்தண்டுகள் ஏற்றப்பட்டதை, கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூத மரபுத் தொகுப்பான மிஷ்னா விவரிக்கிறது. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் நான்கு பொன் கிண்ணங்கள், ஏறுவதற்கு நான்கு ஏணிகள், எண்ணெய்க் குடங்களோடு ஏறும் இளம் ஆசாரியர்கள். ஆசாரியர்களின் நைந்துபோன உடைகளைக் கிழித்துத் திரி போட்டார்கள். அந்த வெளிச்சம் படாத முற்றம் எருசலேமில் ஒன்றுகூட இல்லை என்கிறது மிஷ்னா. இயேசு அந்த வார்த்தையைத் தருமப்பெட்டிகள் இருந்த இடத்தில் சொன்னதாக யோவான் 8:20 குறிப்பிடுகிறது. அந்தப் பெட்டிகள் பெண்கள் முற்றத்தில் இருந்தவை என்பது பரவலான கருத்து. அத்தனை பெரிய விளக்குகளின் நினைவு பசுமையாக இருந்த இடத்தில் நின்று, எருசலேமுக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே தாம்தான் ஒளி என்கிறார்.

இதிலிருந்து புதியவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. கிறிஸ்தவத்தில் ஒளி என்பது தியானத்தில் தோன்றும் பிரகாசமோ, உடலில் பாயும் சக்தியோ, நல்ல மனநிலையோ அல்ல. அது ஒரு நபர். கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய சபைத் தலைவர்கள் வகுத்த விசுவாச அறிக்கையில் கிறிஸ்துவை "ஒளியிலிருந்து ஒளி" என்று அறிக்கையிட்டதும் இதனால்தான்.

அப்படியானால் ஒளிக்குள் வருவது அந்த நபரிடம் வருவது. இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. பெரும்பாலான குழப்பம் இவற்றைக் கலப்பதால் வருகிறது. ஒன்று இடமாற்றம். இருளின் அதிகாரத்திலிருந்து விடுவிக்கப்பட்டுக் குமாரனுடைய ராஜ்யத்துக்கு உட்படுத்தப்படுவது என்று கொலோசெயர் 1:13 சொல்கிறது. நான்காம் நூற்றாண்டு எருசலேமில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் முதலில் சூரியன் மறையும் மேற்கைப் பார்த்து நின்று சாத்தானை மறுதலித்தார்கள், பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டார்கள். கத்தோலிக்க ஞானஸ்நானத்தில் பாஸ்காத் திரி எனப்படும் ஈஸ்டர் மெழுகுவர்த்தியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியைப் பெற்றோர் அல்லது ஞானப்பெற்றோர் கையில் கொடுப்பதும் இந்த இடமாற்றத்தின் அடையாளமே.

மற்றது நடை. "முற்காலத்தில் அந்தகாரமாயிருந்தீர்கள், இப்பொழுதோ கர்த்தருக்குள் வெளிச்சமாயிருக்கிறீர்கள்" என்று எபேசியருக்கு எழுதிய பவுல், அதே வசனத்தில் "வெளிச்சத்தின் பிள்ளைகளாய் நடந்துகொள்ளுங்கள்" என்றும் சொல்கிறார் (5:8). இடமாற்றம் முடிந்தவர்களிடம்தான் நடையைப் பற்றிப் பேசுகிறார். இன்று கோபத்தில் ஒரு தகாத வார்த்தை பேசிவிட்டால் நேற்றுவரை நடந்த எல்லாம் ரத்தாகிவிட்டது என்று பயப்படுகிறவர்கள், நடையில் நேர்ந்த தடுமாற்றத்தை இடமாற்றத்தின் ரத்தாக எடுத்துக்கொள்கிறார்கள்.

## இருள் இன்னொரு தெய்வமா?

இல்லை. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். சில பிரசங்கங்களைக் கேட்டால் ஒளிக்கும் இருளுக்கும் சமபலத்தில் யுத்தம் நடப்பது போலவும், யார் ஜெயிப்பார் என்று இன்னும் முடிவாகாதது போலவும் தோன்றும்.

அப்படிப் போதித்த மதம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசில் வாழ்ந்த மானி, ஒளி, இருள் என்று ஆதியிலிருந்தே இரண்டு எதிரெதிர் தத்துவங்கள் உண்டு என்று போதித்தார். வட ஆப்பிரிக்காவில் 354-இல் பிறந்த அகுஸ்தீன் இளமையில் ஏறத்தாழ ஒன்பது வருடங்கள் அந்த மதத்தைப் பின்பற்றினார். பிறகு அதிலிருந்து விலகி, 387-இல் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்று, திருச்சபையின் மிகப் பெரிய போதகர்களில் ஒருவரானார். தீமைக்கெனத் தனிப் பொருள் கிடையாது, நன்மை குறைவுபட்ட நிலையே தீமை என்று அவர் வாதிட்டார். தீமை பொய் என்பது இதன் அர்த்தமல்ல. குருட்டுத்தன்மை பொய் அல்ல, ஆனால் அது பார்வையின் இழப்பாகத்தான் இருக்க முடியும்.

சாத்தான் உண்டு என்று வேதாகமம் சொல்கிறது. ஆனால் அவன் படைக்கப்பட்டவன், எல்லைக்குட்பட்டவன். அவனைப் பற்றிய எச்சரிக்கைகளில் மிகக் கூர்மையானது 2 கொரிந்தியர் 11:14: அவன் ஒளியின் தூதனுடைய வேஷத்தைத் தரித்துக்கொள்கிறான். அதாவது அவனிடமிருந்து வரும் பெரிய ஆபத்து நள்ளிரவு பயங்கரமாக வராது. நல்லதைப் போலத் தோற்றமளிக்கும் போதனையாக, நியாயமாகக் காட்சிதரும் சுயநலமாக வரும். எல்லாத் தோல்விக்கும் அசுத்த ஆவியைக் காரணம் காட்டினால், சொந்தப் பொறுப்பு என்ற சிந்திய எண்ணெயைத் துடைக்க ஆளில்லாமல் போகும்.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் நாடகங்களில் தேவதூதனுக்குச் சிவந்த பிள்ளையைத் தேடுவதும் சாத்தானுக்குக் கரி பூசுவதும் நம் சபைகளில் இன்னும் நடக்கிறது. வேதாகமத்தின் ஒளிக்கும் தோல் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கறுத்த நிறமுள்ள ஒரு குழந்தை தேவாலயத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துத் தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும் என்று நாடகம் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: ஒளி கிறிஸ்து. அவரிடம் வருவது ஓர் இடமாற்றம், அதன்பின் அன்றாட நடை. இருள் தேவனுக்குச் சமமான எதிரி அல்ல. அது ஒளியை மறுத்த நிலை.

## ஒளியில் நடப்பவர் பாவமே செய்யாதவரா?

மொத்த விஷயத்தின் இருதயம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் "ஒளி என்றால் பரிசுத்தம், இருள் என்றால் பாவம், எனவே ஒளியில் நடப்பவன் பாவம் செய்யாதவன்" என்று கணக்குப் போடுகிறார்கள். பாதி சரியான கணக்கு. மீதிப் பாதி ஆளையே கவிழ்த்துவிடும்.

1 யோவான் 1:5 முதல் 1:10 வரை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தேவன் ஒளியாயிருக்கிறார், அவரில் இருள் கொஞ்சமும் இல்லை என்று தொடங்குகிறது. அடுத்து "என்போமானால்" என்ற பாங்கில் மூன்று பொய்கள் வருகின்றன. அவரோடு ஐக்கியம் உண்டென்று சொல்லிக்கொண்டே இருளில் நடப்பது (1:6). நமக்குப் பாவமில்லை என்பது (1:8). நாம் பாவம் செய்யவில்லை என்பது (1:10). பின்னிரண்டையும் பாருங்கள்: பாவத்தை மறுப்பது பொய் என்கிறார். இப்போது 1:7-க்கு வாருங்கள். ஒளியில் நடப்பவர்களுக்குக் கிடைப்பதாக அவர் சொல்வது, இயேசுவின் இரத்தம் சகல பாவத்தையும் நீக்கிச் சுத்திகரிக்கும் என்பது. ஒளியில் நடப்பவனிடம் பாவமே இராது என்றால் அவனுக்குச் சுத்திகரிப்பு எதற்கு?

ஆக, ஒளியில் நடப்பது என்பது மறைக்காமல் வாழ்வது. இருளில் நடப்பது என்பது மூடி வைத்து வாழ்வது. ஒளியில் இருப்பவன் தவறு செய்யும்போது அது தேவனுக்கு முன்பும், சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்பும் வெளியே வருகிறது. இருளில் இருப்பவன் அதே தவற்றைப் பெட்டியில் பூட்டி, மேலே ஒரு துணியையும் போர்த்திவிடுகிறான்.

இது நடக்கும் முறை இப்படி. ஒளி தவற்றைக் காட்டுகிறது. அதை அதன் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறோம். இதற்குப் பாவ அறிக்கை என்று பெயர். தேவன் மன்னித்துச் சுத்திகரிக்கிறார். அதற்கு அவருடைய உண்மையும் நீதியுமே ஆதாரம் என்று 1:9 சொல்கிறது, நம் கண்ணீரின் அளவு அல்ல. பிறகு நாம் திசை மாறுகிறோம், அது மனந்திரும்புதல். அதோடு, மறைவு போய்விட்டதால் மனிதர்களோடு உறவு திரும்புகிறது. இதில் ஓர் ஆச்சரியமும் உண்டு: ஒளிக்கு அருகே வர வர ஒருவர் தன் குறைகளை அதிகமாகக் காண்பார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் "முன்பைவிட மோசமாகிவிட்டேனே" என்று கலங்குவதுண்டு. மோசமாகவில்லை, பார்வை வந்திருக்கிறது.

இதை வைத்து "மறைக்காவிட்டால் போதும், எதையும் செய்யலாம்" என்று முடிவு கட்டக் கூடாது. நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு இவற்றை எழுதுகிறேன் என்று அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே யோவான் சொல்கிறார். அங்கே அவர் வைக்கும் பரீட்சையும் கடினமானது: சகோதரனைப் பகைக்கிறவன், தான் ஒளியில் இருப்பதாகச் சொன்னாலும், இன்னும் இருளில் இருக்கிறான். சொத்துத் தகராறில் அண்ணனோடு பத்து வருடம் பேசாமல் இருந்துகொண்டு நற்கருணைக்கு முன்வரிசையில் நிற்பவருக்கு அந்த வசனம் போதும்.

## அன்றாடத்தில் எப்படி நடப்பது?

இரவு படுக்கும் முன் பதினைந்து நிமிடம் ஒதுக்குவது நல்ல தொடக்கம். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவியர் அமைப்பை நிறுவிய லொயோலாவின் இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஐந்து படிகள் கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் பொருந்தும். அன்றைய நன்மைகளுக்கு நன்றி சொல்வது முதல் படி. என்னை எனக்குக் காட்டும் என்று வெளிச்சம் கேட்பது இரண்டாவது. காலையிலிருந்து மணி மணியாக அந்த நாளைத் திருப்பிப் பார்ப்பது மூன்றாவது. மன்னிப்புக் கேட்பது நான்காவது. நாளைக்குத் திருத்த வேண்டியதைத் தீர்மானிப்பது ஐந்தாவது. நன்றியைத் தாண்டிக் குதித்து நேரே குற்றங்களுக்குப் போகிறவர்கள் சில நாட்களில் சோர்ந்து நிறுத்திவிடுவார்கள். வரிசை மாறக் கூடாது.

அறிக்கை செய்யும்போது வழக்கமாக நேரும் பிழை, பொதுவாகப் பேசுவது. "ஆண்டவரே, என் எல்லாப் பாவங்களையும் மன்னியும்" என்ற ஜெபம் எதையும் வெளியே கொண்டுவருவதில்லை. "ஆபீஸ் பயண பில்லில் நான் போகாத ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் எழுதினேன்" என்பது அறிக்கை. தொகை வேண்டும், ஆள் வேண்டும், செயல் வேண்டும். "கோபப்பட்டேன்" என்பதைவிட "பிள்ளைகள் முன்னால் மனைவியை மட்டமாகப் பேசினேன்" என்பது வெளிச்சம்.

அடுத்தது திருப்பிக் கொடுத்தல். வஞ்சித்து எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6:5. முந்நூறுக்கு அறுபது சேர்த்து முந்நூற்று அறுபது. வரி வசூலிப்பவனான சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்னான் (லூக்கா 19:8). இந்தக் கணக்கு மன்னிப்பை விலைக்கு வாங்குவதற்கு அல்ல. பணத்தை இழந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்காமல் இருப்பதற்கு.

யாரிடம் சொல்வது? தேவனிடம் எல்லாவற்றையும். தவறு யாருக்கு எதிரானதோ அவரிடம், அவரைத் தொட்டதை. அதற்குமேல், ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு 5:16. கத்தோலிக்கர்களுக்குக் குருவிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனம் உண்டு, மற்றவர்கள் நம்பிக்கையான ஒரே ஒரு முதிர்ந்த விசுவாசியைத் தேர்ந்துகொள்வது நல்லது. ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் பேசுவது பாதுகாப்பு. ரகசியம் காக்கத் தெரியாதவரிடமும், நம்மீது அதிகாரம் செலுத்த அதைப் பயன்படுத்தக்கூடியவரிடமும் சொல்லக் கூடாது. சபை மேடையில் எல்லாவற்றையும் கொட்டும் சாட்சிகள் பல குடும்பங்களைப் புண்படுத்தியிருக்கின்றன. அந்தக் கதையில் வரும் மற்றவர்கள் அனுமதி தந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

பணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண் சரீரத்தின் விளக்கு, அது கெட்டிருந்தால் சரீரம் முழுவதும் இருளாயிருக்கும் என்று இயேசு சொன்னது மத்தேயு 6:22-23-இல். அதற்கு முன் வரும் வசனங்கள் பூமியில் பொக்கிஷம் சேர்ப்பதைப் பற்றியவை. பின் வருவது தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஒருசேர ஊழியம் செய்ய முடியாது என்பது. இருளைப் பற்றிய பேச்சு பணப்பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் எல்லாக் கடனும், சீட்டும், அடகு ரசீதும் தெரிந்திருப்பதே அந்த வீட்டில் ஒளி. சபையிலும் அப்படியே. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையை எடுத்துப்போகும் வேலையில் தன் உடன் ஊழியன் தீத்துவையும், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் பவுல் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பு மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:18-21). காணிக்கையை இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவது, காசோலையில் இரண்டு கையெழுத்து, வருடாந்தரக் கணக்கை எல்லாரும் பார்க்க ஒட்டுவது: இவை நிர்வாக விஷயங்கள் மட்டும் அல்ல, இவையே ஒளியில் நடப்பது.

## ஒளியைத் தவறாகப் பிடிப்பது

விளக்கை மற்றவர் முகத்தில் அடிக்கும் டார்ச்சாக மாற்றுவது முதல் பிழை. "இந்தச் சகோதரிக்காக ஜெபிப்போம், அவங்க வீட்டுல என்ன நடக்குதுன்னா..." என்று தொடங்கும் ஜெபக் குறிப்புகளில் பாதி புறங்கூறுதல். தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனிமையில் பேசு என்பதே மத்தேயு 18:15-இன் முறை.

இரண்டாவது பிழை இதற்கு எதிர்ப்பக்கம், இதைவிடக் கொடியது. ஒரு குழந்தை துன்புறுத்தப்பட்டதையோ, பெண்ணை அடிப்பதையோ, காணிக்கைப் பணம் திருடப்பட்டதையோ "கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படக் கூடாது, மன்னித்துவிடுவோம்" என்று சபைக்குள்ளேயே மூடுவது. மூடுகிற கை எந்த நாமத்தைச் சொன்னாலும் அது இருளின் கிரியைதான். அவற்றோடு உடன்படாமல் கடிந்துகொள்ளச் சொல்கிறது எபேசியர் 5:11. இந்தியாவில் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். போதகரோ மூப்பரோ விலக்கல்ல. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பாதிக்கப்பட்ட பிள்ளையை மன்னிக்கச் சொல்லி வற்புறுத்துவதும், குற்றவாளி எதிரில் உட்காரவைத்து ஜெபிப்பதும் கூடவே கூடாது.

மூன்றாவது, விளம்பரம். விளக்கை மரக்காலால் மூடக் கூடாது என்று மத்தேயு 5-இல் சொன்ன இயேசு, தருமம் செய்யும்போது வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று அடுத்த அதிகாரத்தில் சொல்கிறார். முரண் இல்லை. முதல் இடத்தில் ஜனங்கள் கண்டு மகிமைப்படுத்துவது பிதாவை. இரண்டாம் இடத்தில் கண்டிக்கப்படுவது தன்னைக் காட்டிக்கொள்வது. அரிசி மூட்டை வாங்கும் ஏழையின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடலாமா என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

## எல்லா இருட்டும் பாவம் அல்ல

கடைசியாக, அதிகக் காயம் உண்டாக்கும் குழப்பம். துக்கம், நோய், மனச்சோர்வு, ஜெபிக்கும்போது எதையும் உணராத வறட்சி ஆகியவற்றையும் மக்கள் இருள் என்றே சொல்கிறார்கள். வேதாகமமும் சில இடங்களில் அப்படிச் சொல்கிறது. ஆனால் இது முன்பு பார்த்த இருள் அல்ல.

88-ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் முடிவுவரை புலம்பல். கடைசியில் ஒரு ஆறுதல் வரிகூட இல்லை. அதுவும் ஜெபமாகவே வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. கர்த்தருக்குப் பயந்து, அவர் தாசனின் சொல்லைக் கேட்டும், வெளிச்சமில்லாமல் இருட்டில் நடக்கிறவன் உண்டு என்று ஏசாயா 50:10 ஒப்புக்கொள்கிறது. அவனைக் கடிந்துகொள்ளவில்லை, தேவனைச் சார்ந்துகொள் என்கிறது. சீனாய் மலையில் மோசே தேவனைச் சந்திக்கப் போனது அவர் இருந்த கார்மேகத்தை நோக்கி (யாத்திராகமம் 20:21).

திருச்சபை வரலாற்றில் இந்த அனுபவத்துக்கு "இருண்ட இரவு" என்ற பெயரைத் தந்தவர் 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவை யோவான். 1577-இல் சொந்தத் துறவற சபையினராலேயே தொலேதோ நகரில் சிறைவைக்கப்பட்டவர் அவர். ஆறுதலான உணர்வுகள் எல்லாம் விலகி, வெறும் விசுவாசத்தில் மட்டும் நிற்கவேண்டி வரும் கட்டத்தைத்தான் அவர் அப்படி அழைத்தார். அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளத்தில் தேவன் இல்லாதது போன்ற வெறுமையோடு வாழ்ந்தார் என்பது, 2007-இல் வெளியான அவருடைய கடிதங்களிலிருந்து உலகத்துக்குத் தெரிந்தது. அவர் கல்கத்தாவில் வேலையை நிறுத்தவில்லை. அந்த வெறுமையை மறைவான பாவத்தின் விளைவு என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்பவருக்கு இருளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வேறுபாட்டை எப்படிக் கண்டுகொள்வது? மறைக்கப்பட்ட பாவத்தில் மனச்சாட்சி குறிப்பிட்ட ஒரு செயலைச் சுட்டும். அந்த ஆள், அந்த நாள், அந்தப் பணம். ஆவிக்குரிய வறட்சியில் உணர்வு இல்லாவிட்டாலும் தேவன்மேல் ஏக்கம் இருக்கும், கடமைகள் நடக்கும். மனச்சோர்வு நோயில் தூக்கம், பசி, வேலை செய்யும் ஆற்றல் எல்லாம் குலையும். முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இராது. "நான் எதற்கும் லாயக்கில்லாதவன்" என்ற குற்ற உணர்வு எந்தச் செயலோடும் ஒட்டாமல் மொத்தமாக அழுத்தும். இப்படி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது; தமிழிலும் பேசலாம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று கேட்டு மருந்தை நிறுத்தவைப்பது உயிரைப் பறிக்கக்கூடிய ஆலோசனை.

இப்படிப்பட்டவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு யோவான் 9-ஆம் அதிகாரம் பாடப்புத்தகம். பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, "பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா?" என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்கிறார் இயேசு. தாம் உலகத்துக்கு ஒளி என்று அங்கே மறுபடியும் சொல்லிவிட்டு, விசாரணை நடத்தாமல், சேறுண்டாக்கி அந்தக் கண்களில் பூசுகிறார். எனவே "என்ன பாவம் செய்தீர்கள்?" என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு வண்டி எடுத்துப்போய் டோக்கன் போட்டு உடன் உட்காருங்கள். அவரால் ஜெபிக்க முடியவில்லை என்றால் 88-ஆம் சங்கீதத்தை அவருக்காக வாசியுங்கள், விளக்கம் எதுவும் சேர்க்காமல். அடுத்த வாரமும் போங்கள்.